லாபம் இருக்கிறது, பணம் மிஞ்சுகிறதா? ஆண்டறிக்கையிலிருந்து கணக்கிடும் முறை

வாடகைக் கட்டடங்களில் கடைகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் பங்கு என்னிடம் இருந்தது. லாபம் ஆண்டுதோறும் ஏறியது. கடனும் கூடவே ஏறியது. காரணம் பிடிபட இரண்டு வாரம் ஆயிற்று. கண்டுபிடித்த வழி இது.

ஆண்டறிக்கையை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தோ என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களிலிருந்தோ இறக்கிக்கொள்ளுங்கள். பணம் வந்ததையும் போனதையும் மூன்று பகுதிகளாகக் காட்டுவது பணப்புழக்க அறிக்கை. துணை நிறுவனங்கள் உள்ள நிறுவனம் என்றால் அது ஆண்டறிக்கையில் இரண்டு இடங்களில் வரும். துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த அறிக்கையை எடுங்கள். தொகைகள் லட்சத்திலா, கோடியிலா என்றும் பார்த்துவிடுங்கள்.

முதல் பகுதியின் கடைசி வரி, செயல்பாடுகளிலிருந்து கிடைத்த நிகரப் பணம். உதாரணத்துக்கு 90 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் பகுதியில் கட்டடம், இயந்திரம் வாங்கிய செலவு 50 கோடி. கழித்தால் 40.

பல விளக்கங்கள் இங்கேயே முடிந்துவிடுகின்றன. நானும் இங்கேதான் ஏமாந்தேன். இந்தியாவில் 2019 ஏப்ரல் 1 முதல் ‘இண்ட் ஏஎஸ் 116’ என்ற கணக்கியல் தரம் நடைமுறையில் இருக்கிறது. நீண்டகாலக் குத்தகையை அது கடனைப் போலவே பதியச் சொல்கிறது. அதனால் அந்தக் கடை வாடகை செயல்பாட்டுப் பகுதியிலிருந்து விலகி, கடன் வாங்குவதும் அடைப்பதும் பதிவாகும் மூன்றாம் பகுதிக்குப் போய்விடுகிறது. அங்கே ‘லீஸ் லயபிலிட்டி’ (குத்தகைக் கடன்) என்ற சொல் வரும் வரிகளைத் தேடுங்கள். அசலும் வட்டியும் தனித்தனியாக இருக்கலாம். இரண்டையும் கழிக்க வேண்டும். அசல் 18, வட்டி 7 என்றால் மீதம் வெறும் 15 கோடி. வாடகை கொடுக்காவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அந்தப் பணத்தைப் பங்குதாரரின் உபரி என்று காட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது.

இதே கணக்கை ஐந்து ஆண்டுகளுக்குப் போட்டுக் கூட்டுங்கள். புதிய ஆலை கட்டும் ஆண்டில் மீதம் குறைவது இயல்பு. ஓர் ஆண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஐந்து ஆண்டுக் கூட்டுத்தொகையும் அதே ஐந்து ஆண்டு நிகர லாபத்தின் கூட்டுத்தொகையைவிட மிகக் குறைவாக இருந்தால், வசூலாகாத பாக்கியையும் கிடங்கில் தேங்கிய சரக்கையும் பேலன்ஸ் ஷீட்டில் பாருங்கள்.

கருவி என்றால் எனக்கு எக்செல் போதும். மிஞ்சும் பணத்தை ஆயத்த எண்ணாகத் தரும் தளங்களை நான் பயன்படுத்துவதில்லை. குத்தகையைக் கழித்தார்களா என்பது அந்த எண்ணைப் பார்த்துத் தெரியாது.

பிற்சேர்க்கை: ‘வங்கிக் கடன் வட்டியை ஏன் விட்டுவிட்டீர்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. நம் கணக்கியல் தரத்தின்படி நிதித்துறை சாராத நிறுவனங்கள் செலுத்தும் வட்டியும் மூன்றாம் பகுதியில்தான் வரும். அது 6 கோடி என்றால் மிஞ்சுவது 9. அதே ஆண்டில் 20 கோடி டிவிடெண்ட் கொடுத்திருந்தால், மீதி 11 கோடி பழைய கையிருப்பிலிருந்தோ, சொத்தை விற்றோ, புதுக் கடனிலோ வந்திருக்க வேண்டும். என் நிறுவனத்தில் அது புதுக் கடன்.

வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இந்த முறை பொருந்தாது.