மின் ரசீதிலிருந்து தொடங்குங்கள்: சின்ன வியாபாரத்தின் தாக்கத்தை அளக்க

சுற்றுச்சூழல் அறிக்கை என்றதும் ஆலோசகரைத் தேடி ஓட வேண்டாம். கடந்த 12 மாத மின் ரசீது, எரிபொருள் ரசீது, தண்ணீர்க் கணக்கு, வெளியே போன குப்பையின் எடை, இவற்றை ஒரு எக்செல் தாளில் ஏற்றினாலே பாதி வேலை முடிந்தது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பெட்ரோல் என்றால் சுமார் 2.3 கிலோ. மின்சாரத்துக்கு மட்டும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்ற உங்கள் நாட்டுக்கான கணக்கைத் தேடி எடுத்துப் பெருக்குங்கள், ஏனென்றால் நிலக்கரி மின்சாரத்துக்கும் நீர் மின்சாரத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஆர்டர் குறைந்த வருடத்தில் மின்செலவும் தானாகக் குறையும், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒரு பொருளுக்கு எத்தனை யூனிட், ஒரு டெலிவரிக்கு எத்தனை லிட்டர் என்று வகுத்துப் பாருங்கள்.

சரி, சமூகப் பக்கம்? வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், எத்தனை பேருக்குக் காயம், சரக்கு தரும் சின்ன ஆட்களுக்கு எத்தனை நாளில் பணம் போகிறது. இந்தக் கடைசி எண்ணைத்தான் பலர் பார்ப்பதே இல்லை (அவர்களை மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு மரம் நட்டுப் படம் போடுபவர்களை என்ன சொல்ல!). கேள்விப் பட்டியல் வேண்டுமென்றால் நிறுவனங்களின் சமூக, சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடும் பி லேப் (B Lab) என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் இணையக் கருவி இலவசம்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருத்தப் பார்க்காமல் பெரிய எண் எதுவோ அதைப் பிடியுங்கள், மூன்று மாதம் கழித்து அதே முறையில் மறுபடி அளந்து பாருங்கள். நடுவில் முறையை மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது.