ரெமிங்டன் 700-ஐ அலுமினிய சேஸிஸ்ல ஒழுங்கா உக்கார வைக்கிறது எப்படி

சேஸிஸ் (பழைய ஸ்டாக்குக்குப் பதிலா துப்பாக்கியைத் தாங்குற சட்டம்) விக்கிறவங்க எல்லாருமே ரெண்டு ஸ்க்ரூ போட்டா வேலை முடிஞ்சுதுன்னுதான் சொல்வாங்க. ஸ்க்ரூ ரெண்டுதான், அது சரி. ஆனா ரீகாயில் லக் (சுடும்போது பின்னுதைப்பைத் தாங்குற துண்டு) எங்க போய் முட்டுது, ஆக்‌ஷன் (ரிசீவரும் போல்ட்டும் சேர்ந்த பகுதி) நெளியாம உக்காருதாங்கிறதுலதான் குரூப், அதாவது குண்டுகள் டார்கெட்ல விழுற பரப்பு, சுருங்குறதும் விரியுறதும் இருக்கு. இங்க ரெமிங்டன் 700 ஷார்ட் ஆக்‌ஷனை வச்சே சொல்றேன், 1962-ல வந்த துப்பாக்கி, அமெரிக்கா கனடா பக்கம் சேஸிஸ் பண்றவங்க பெரும்பாலும் இதுக்குத்தான் முதல்ல பண்றாங்க.

மேகசினை எடுத்துட்டு போல்ட்டை உருவி சேம்பர் காலியான்னு கண்ணாலயும் விரலாலயும் பாத்துடுங்க. பழைய ஸ்டாக்கை கழட்டினதும் ஆக்‌ஷனோட அடிப்பக்கம், லக், ஸ்க்ரூ ஓட்டை எல்லாத்தையும் எண்ணெய் போக துடைச்சிடுங்க, மரையில எண்ணெய் இருந்தா டார்க் ரென்ச் (முடுக்குற விசையை அளக்குற ஸ்பேனர்) காட்டுற அளவை நம்ப முடியாது. சேஸிஸ் உள்ளயும் விரலை ஓட்டிப் பாருங்க, பெயின்ட் கட்டியோ பிசிறோ இருந்தா எடுத்துடணும்.

அடுத்தது லக். பேரலுக்கும் ரிசீவருக்கும் நடுவுல மாட்டியிருக்கிற தட்டையான துண்டுதான் அது. அதோட பின்பக்கம் மட்டும்தான் சேஸிஸ்ல முட்டணும், அடியில இடைவெளி இருக்கணும். லக்கோட அடில மார்க்கரால கறுப்பு அடிச்சு ஆக்‌ஷனை உக்கார வச்சு ஸ்க்ரூவை லேசா முடுக்கி திரும்ப கழட்டுங்க. கறுப்பு தேய்ஞ்சிருந்தா லக் தரை தட்டுது, ஆக்‌ஷன் வி-பிளாக்ல (ஆக்‌ஷன் படிஞ்சு உக்கார்ற வி வடிவ பள்ளம்) உக்காராம லக் மேல நின்னுட்டிருக்குன்னு அர்த்தம். கஸ்டம் பேரல் போட்டு தடிமனான லக் வச்சவங்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

இனி மாட்டலாம். சேஸிஸோட வந்த ஸ்க்ரூவையே போடுங்க, பழசோட நீளம் வேற. ரெண்டையும் கையால நாலு மரை ஏத்திட்டு துப்பாக்கியோட பட்டை, அதாவது பின்முனையை, தரையில ஊணி நேரா நிறுத்துங்க, பேரல் வானத்தைப் பாக்கட்டும். பேரலைப் பிடிச்சு கீழ அமுக்கினா லக் பின்னாடி போய் சேஸிஸ்ல முட்டும், அமுக்கினபடியே முன் ஸ்க்ரூ, அப்புறம் பின் ஸ்க்ரூ, 20 இன்ச்-பவுண்ட். அப்புறம் படுக்க வச்சு 40, கடைசியா 65, ஒவ்வொரு தடவையும் முன்னது முதல்ல. 65-ங்கிறது இந்த ஆக்‌ஷனுக்கு வழக்கமா சொல்ற அளவு, உங்க சேஸிஸ் மேனுவல்ல வேற போட்டிருந்தா அதுதான் கணக்கு. கை அளவுல முடுக்கிட்டு விட்டுடாதீங்க.

நெளியுதான்னு பாக்க, பேரலும் ஃபோர்எண்டும் (சேஸிஸோட முன்பாகம்) சேர்ற இடத்துல விரல்நுனியை ரெண்டையும் தொடுற மாதிரி வச்சுக்கிட்டு முன் ஸ்க்ரூவை மட்டும் தளர்த்தி திரும்ப முடுக்குங்க. ஒண்ணும் தெரியலைன்னா நல்லது, பேரல் எழும்பி இறங்குறது விரல்ல பட்டா ஆக்‌ஷன் வளைஞ்சு உக்காந்திருக்கு. டயல் கேஜ் இருந்தா 0.002 இன்ச்சுக்குள்ள இருக்கட்டும். கூட வந்தா பிசிறை தேடுங்க, அப்பவும் தீரலைன்னா பெட்டிங் (எபாக்ஸி ஊத்தி ஆக்‌ஷனுக்கு ஏத்த படுகை செய்றது) பண்ணணும்.

போல்ட்டை போட்டு மூடிப் பாருங்க. ஹேண்டில் கடைசி கொஞ்ச தூரம் இறுக்கமா போகுதா? முன் ஸ்க்ரூவை அரை சுத்து தளர்த்துங்க, லூசாயிடுச்சுன்னா ஸ்க்ரூ நுனி போல்ட் லக்கை (போல்ட் முனையில பூட்டுற பல்லை) உரசுது, நுனியை கொஞ்சம் அரமெடுத்து தேய்ச்சா தீர்ந்துச்சு. ட்ரிகர், சேஃப்டி, போல்ட் ரிலீஸ் எதுவும் சேஸிஸ்ல இடிக்கக்கூடாது. காலி துப்பாக்கியை காக் பண்ணி பின்முனையை கார்ப்பெட்ல தட்டிப் பாருங்க, சேஃப்டி போட்டும் போடாமலும், ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கிற ஊசி) விழவே கூடாது. ரெமிங்டனோட எக்ஸ்-மார்க் ப்ரோ ட்ரிகர் 2014-ல ரீகால் ஆனது, 2006-ல இருந்து 2014 வரைக்கும் வந்ததுன்னா சீரியல் நம்பரை செக் பண்ணாம தொடாதீங்க.

மேகசின்ல டம்மி ரவுண்டு போட்டு ஃபீட் ஆகுதான்னு பாருங்க, மேகசின் ரொம்ப மேல ஏறி போல்ட்டோட அடியை உரசினா மேகசினைப் பிடிக்கிற கேட்ச்சை இறக்கணும். ஒரு பேப்பர் துண்டை பேரலுக்கு அடியில ஓட்டுங்க, லக் கிட்ட வரைக்கும் தடையில்லாம போகணும். 100 கெஜத்துல புதுசா ஜீரோ பண்ணணும் (குறி வச்ச இடத்துலயே குண்டு விழுற மாதிரி ஸ்கோப்பைச் சரி பண்றது), பழைய ஜீரோ நிக்காது. 20 ரவுண்டு சுட்டதும் டார்க்கை ஒரு தடவை பாத்துடுங்க.