அணுகுண்டு முடிவை ஆராயும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹிரோஷிமா, நாகசாகி பற்றி இந்த ஆண்டு என்னிடம் மூன்று மாணவர்கள் ஆய்வேடு எழுதுகிறார்கள். முதல் வரைவுகளைப் படித்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளே வரிக்கு வரி எதிரே வந்து நின்றன. அடிக்குறிப்பு, பெயரெழுத்து போன்றவற்றை எந்த நெறியாளரும் திருத்திவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிற்காலப் பேச்சை அன்றைய சான்றாகக் கொள்வது

"படையெடுத்திருந்தால் பத்து லட்சம் அமெரிக்க வீரர்கள் இறந்திருப்பார்கள்; அதனால்தான் அமெரிக்க அதிபர் ட்ரூமன் குண்டு போட முடிவெடுத்தார்" என்ற வாக்கியம் மூன்று வரைவுகளிலும் இருக்கிறது. என் ஆய்வேட்டிலும் இருந்தது. புறத்தேர்வாளர் அந்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில் "யார், எப்போது சொன்னது?" என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்கு விடை தேடப்போய், ஓர் அத்தியாயம் முழுவதையும் மீண்டும் எழுத ஏழு மாதங்கள் ஆயின.

போர்த்துறைச் செயலராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் 1947 பிப்ரவரியில், குண்டுவீச்சைப் பற்றி அமெரிக்காவிலேயே கண்டனம் எழுந்த பிறகு, அம்முடிவை நியாயப்படுத்தி ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் வரும் எண் அது. அவர் குறிப்பிட்டதோ இறப்பை மட்டுமல்ல; இராணுவ வழக்கில் 'கேஷுவல்டி' என்றால் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் ஆகிய மூவரும் அடங்குவர். அச்சொல்லை 'உயிரிழப்பு' என்று தமிழாக்கும் மாணவர், காயமுற்றவர்களையும் பிணக்கணக்கில் சேர்த்துவிடுகிறார். இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

ஜப்பானின் தென்கோடித் தீவுகளில் ஒன்றான கியூஷுவின் மீது திட்டமிடப்பட்ட படையெடுப்பு பற்றி 1945 ஜூன் 18 அன்று வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தின் குறிப்பை எடுத்துப் பாருங்கள். முதல் 30 நாட்களின் சேதம் பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் நேர்ந்ததை விஞ்சாது என்று தரைப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் மார்ஷல் மதிப்பிடுகிறார். லூசானுக்கு அங்கே தரப்பட்ட எண், மூவகையும் சேர்த்து, 31,000. அதே கூட்டத்தில் அதிபரின் இராணுவ ஆலோசகர் அட்மிரல் லேஹி, ஓகினாவா தீவுப் போரில் படைகளுக்கு நேர்ந்த 35 விழுக்காட்டுச் சேதத்தை நினைவூட்டுகிறார். ஆக, அன்று மேசையில் இருந்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மதிப்பீடுகள்.

மறுதரப்பில் வாதாடுவோரும் இதற்கு விலக்கல்ல. குண்டு இல்லாமலேயே 1945 டிசம்பர் 31க்குள் ஜப்பான் சரணடைந்திருக்கும் என்ற அமெரிக்க ஆய்வுக் குழுவின் முடிவு 1946இல் வெளிவந்தது. ட்ரூமன் முன்னால் அது இருந்ததில்லை. எந்த ஆவணத்தைப் படியெடுத்தாலும், நிகழ்ச்சி நடந்த தேதியையும் அது எழுதப்பட்ட தேதியையும் தலைப்பில் அடுத்தடுத்துக் குறித்துவையுங்கள்.

நாகசாகிக்குத் தனி ஆணை தேடுவது

நாகசாகிக்கென்று தனி ஆணை கிடையாது. 1945 ஜூலை 25 நாளிட்ட ஆணையில் கையொப்பமிட்டவர், அப்போது தரைப்படைத் தலைமைத் தளபதியின் பொறுப்பை வகித்த ஜெனரல் தாமஸ் ஹாண்டி. ஹிரோஷிமா, கோகுரா, நீகாடா, நாகசாகி ஆகிய நான்கையும் இலக்குகளாகக் குறித்த அந்த ஆணையே, அடுத்தடுத்த குண்டுகளையும் தயாரானவுடன் வீசச் சொல்கிறது. தன் அனுமதியின்றி இனி வீசக் கூடாது என்று ட்ரூமன் தடுத்தது ஆகஸ்ட் 10 அன்று, நாகசாகி எரிந்த மறுநாள்.

சோவியத் போர் அறிவிப்பை மறப்பது

சோவியத் யூனியன் ஜப்பான் மீது போர் அறிவித்த ஆகஸ்ட் 8 இடம்பெறாத அத்தியாயத்தை நான் படிக்காமலே திருப்பித் தந்துவிடுவேன்.