கொக்கைச் சுற்றி ஓர் இளஞ்சிவப்புக் கோடு: ஸ்பிரைட் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடவு வயலில் மீன் பிடிக்கும் கொக்கை நாயகனாக வைத்து, தஞ்சாவூரில் நான் வழிகாட்டிய மாணவர் குழு ஒன்று எஃப்பிஜிஏ (உள் மின்சுற்றை நாமே வடிவமைத்துக்கொள்ளும் சில்லு) பலகையில் விளையாட்டு ஒன்றை உருவாக்கியது. கொக்கு அதில் ஒரு ஸ்பிரைட், அதாவது பின்னணியின் மேல் நகரும் சிறு படம். மின்சுற்றை விவரிக்கும் வெரிலாக் மொழி நிரல் சரியாகவே இருந்தும், திரையில் கொக்கைச் சுற்றி இளஞ்சிவப்புக் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் நிரலைத் துருவினார்கள். பிழை படத்தில் இருந்தது.

படத்தின் பின்னணியில் நிரப்பிய மெஜந்தாவை (அடர் இளஞ்சிவப்பு) ஒளிபுகும் நிறமாக, அதாவது திரையில் காட்டாமல் விடும் நிறமாகக் கொண்டால், மின்சுற்று அந்த நிறத்தின் எண்ணுக்கு அப்படியே சமமான பிக்சலை மட்டுமே விலக்கும். மென்மையான தூரிகையால் வரைந்ததால் ஓரப் பிக்சல்களில் கொக்கின் வெள்ளையும் மெஜந்தாவும் கலந்திருந்தன. ஜேபெக்காகச் சேமித்தது அந்தக் கலப்பை இன்னும் பரப்பியது. ஓரங்களை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு, பென்சில் கருவியால் வரைந்து, பிஎன்ஜியாகச் சேமிப்பதே சரி.

பெரிதாக வரைந்து 32க்கு 32 பிக்சலாகச் சுருக்குவதும் தவறு. கொக்கின் மெல்லிய கால்கள்தாம் முதலில் காணாமல் போகும். தொடக்கத்திலேயே அந்த அளவில், காலுக்கு ஒரு பிக்சல் அகலம் கொடுத்து வரைய வேண்டும். அகலம் 32 ஆக இருந்தால் பிக்சலின் கிடைவரிசை எண்ணின் பிட்டுகளையும் நெடுவரிசை எண்ணின் பிட்டுகளையும் பக்கம் பக்கமாக வைத்தாலே நினைவக முகவரி கிடைத்துவிடும். 40 என்றால் பெருக்கல் தேவைப்படும்.

பேஸிஸ் 3 என்ற எஃப்பிஜிஏ பலகையின் விஜிஏ வழி (திரையை இணைக்கும் வழி), ஒவ்வொரு முதன்மை நிறத்துக்கும் 4 பிட் வீதம் 12 பிட் மட்டுமே தரும். முதன்மை நிறத்துக்கு 8 பிட் வைக்கும் கணினியில் வேறுபட்டுத் தெரிந்த நாற்றின் பச்சையும் வரப்புப் புல்லின் பச்சையும் கீழ் 4 பிட்டுகளை வெட்டியதும் ஒன்றாகிவிடலாம் என்பதால், வெட்டிய பிறகே நிறங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயல் முழுவதையும் 640க்கு 480 படமாக வைக்க நினைப்பவர்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்: 36,86,400 பிட் வேண்டும், பலகையின் பிளாக் ரேமில் (சில்லுக்குள்ளேயே உள்ள நினைவகம்) இருப்பது அதில் சரிபாதி. வயல் திரும்பத் திரும்ப வரும் காட்சிதானே, 16க்கு 16 அளவில் ஒரு துண்டை வரைந்து அடுக்கினால் போதும். 16 நிறங்களுக்குள் நின்று, நிறத்துக்குப் பதில் பட்டியலில் அதன் எண்ணை மட்டும் சேமித்தால் பிக்சலுக்கு 12க்குப் பதில் 4 பிட்டே செலவாகும்.

பிளாக் ரேம், முகவரி கொடுத்ததற்கு அடுத்த கடிகாரத் துடிப்பில்தான் நிறத்தைத் தரும். இதை மறந்தால் படம் ஒரு பிக்சல் நகர்ந்து, இடது ஓரத்தில் பொருந்தாத கோடு தெரியும். ஆகவே கொக்கை ஏற்றுமுன், நான்கு மூலைகளிலும் நான்கு வெவ்வேறு நிறப் புள்ளிகள் வைத்த சோதனைப் படம் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். நகர்வோ, தலைகீழாவதோ, இடவலம் மாறுவதோ அதில் உடனே தெரிந்துவிடும்.