ஆட்டிசத்தோடு மனநோயும் சேர்ந்தால்: டர்பன் பெற்றோருக்கு

தனக்குத்தானே பேசுவதை உடனே மனநோய் என்று எண்ண வேண்டாம்; ஆட்டிசப் பிள்ளைகள் பலர் கேட்ட வசனங்களைத் திருப்பிச் சொல்வார்கள். கவனிக்க வேண்டியது மாற்றத்தை: நாள்கணக்கில் தூக்கமின்மை, சாப்பாட்டில் விஷம் என்ற சந்தேகம், வாசற்படியில் கால் உறைந்து நிற்பது. கடைசியது கேட்டடோனியாவாக, அதாவது உடல் அசைய முடியாமல் உறைந்துபோகும் நிலையாக, இருக்கலாம். பிடிவாதம் என்று அதட்டாதீர்கள். சாப்பாடும் தண்ணீரும் நின்றால் அன்றே மருத்துவமனை.

தினமும் ஒரு நோட்டில் தூக்கம், மாத்திரை, மலம் மூன்றையும் குறியுங்கள். பேசாத பிள்ளையின் ஆவேசத்துக்குப் பல்வலியோ மலச்சிக்கலோ காரணமாவது உண்டு. லித்தியம் என்னும் மனநிலை மருந்து எடுக்கும் பிள்ளைக்கு டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் வியர்த்தாலும், பேதியானாலும் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடலாம். கை நடுங்கித் தள்ளாடினால், அடுத்த வேளை கொடுக்குமுன் மருத்துவரிடம் ஓடுங்கள்.

மேளச் சத்தம் பிள்ளைக்குத் தாங்காது என்றால், காவடிக்கு மேளம் தொடங்குமுன் போய் வந்துவிடலாம், முருகன் கோபிக்கமாட்டான்.

பிள்ளை சிகிச்சையை மறுத்து ஆபத்து நெருங்கினால், தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 04-ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவருக்கு அதைப் பெற்றோரோ காப்பாளரோதான் தரலாம். முந்தைய 7 நாளுக்குள் பிள்ளையைப் பார்த்திருக்கவும் வேண்டும். அனுமதி கிடைத்தால் மருத்துவமனையில் 72 மணி நேரக் கண்காணிப்பு. அங்குள்ள நர்ஸுக்கு ஒரே பக்கம் எழுதிக் கொடுங்கள்: வலியை எப்படிக் காட்டுவான், தொட்டால் என்ன செய்வான், எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை.

அரசின் சமூக உதவித்தொகை அமைப்பான சாஸா (SASSA) தரும் பராமரிப்பு உதவித்தொகை 18 வயதோடு நிற்கும். மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.