ஸ்டான்ஃபோர்டு நினைவு தேவாலயத்தை நின்று பார்க்கும் முறை

திருச்சியில் முப்பது ஆண்டுகள் கட்டட வேலைகளை மேற்பார்வையிட்டவன் நான். கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு காலைப் பொழுதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நினைவு தேவாலயத்துக்கு ஒதுக்கிவிடுவேன். வருகிறவர்களில் பலர் வாசலில் படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

காலையிலேயே போய்விடுங்கள். முகப்பு வடகிழக்கு பார்த்தது; சிறு கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து உருவாக்கிய அதன் படத்தில், பொன் சில்லுகளின்மேல் வெயில் விழுவது அப்போதுதான். ஞாயிறு காலை வழிபாடு நடக்கும், வேறு நாள் நல்லது.

பனைமரச் சாலையின் கோடியில் இருந்து நேரே நடந்தால் கல் வளைவுகள் சூழ்ந்த பெரிய முற்றம் வரும். உடனே உள்ளே நுழைய வேண்டாம். முற்றத்தின் நடுவில் நின்று கூரைக்கு மேலே பாருங்கள். இன்று வெறும் வானம் தெரியும் அந்த இடத்தில் எண்பது அடிக் கூர்கோபுரம் இருந்தது. 1906 ஏப்ரல் 18 அதிகாலை நிலநடுக்கத்தில் அது சரிந்தது. முகப்புச் சுவரும் முற்றத்தின் பக்கமாகப் பெயர்ந்து விழுந்தது. கோபுரத்தைத் திரும்பக் கட்டவில்லை. சரியான முடிவு என்றே சொல்வேன்.

யாருடைய நினைவு என்பதில் பலர் குழம்புகிறார்கள். 1884இல் ஃபுளோரன்ஸ் நகரில் டைஃபாய்டு கண்டு 15 வயதில் இறந்த, ஸ்டான்ஃபோர்டு தம்பதியின் மகனுக்காக எழுந்தது பல்கலைக்கழகம். தேவாலயமோ, 1893இல் இறந்த கணவர் லேலண்டுக்காக ஜேன் ஸ்டான்ஃபோர்டு எழுப்பியது. 1903 ஜனவரி 25 அன்று அர்ப்பணித்தார்கள். எந்தச் சபைக்கும் தனியுரிமை இல்லாத ஆலயமாக இருக்கவேண்டும் என்பது அந்த அம்மையாரின் விருப்பம். 1905இல் அவரும் காலமானார். இடிந்து கிடந்ததை அவர் பார்க்க நேரவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

இப்போது வாசல் வளைவுகளை நெருங்குங்கள். முழுப் படத்தையும் விட்டுவிட்டு, உள்ளங்கை அகல இடத்தை மட்டும் பாருங்கள். தூரத்தில் ஒரே நீலமாகத் தெரிந்தது, கிட்டத்தில் பல நீலங்களாகப் பிரியும். நகக்கண் அளவுள்ள கண்ணாடிச் சில்லுகள் அவை; பொன் சில்லுக்குள் பொன் தகடு கண்ணாடிகளுக்கு இடையே அடைபட்டிருக்கிறது. வெனிஸின் சால்வியாட்டி பட்டறை செய்தது. பழைய வரைபடங்களை அவர்கள் பத்திரமாக வைத்திருந்ததால்தான் நொறுங்கிய படங்களை மறுபடி உருவாக்க முடிந்தது. ஆலயம் 1913இல் மீண்டும் திறந்தது. சில்லு வேலை முடிய 1917 ஆயிற்று. வேலைத்தளத்தில் வரைபடத்தைத் தொலைத்துவிட்டுத் திண்டாடியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

உள்ளே போனதும் நேராக நடுக்கூடத்தில், நான்கு பெரிய வளைவுகள் சந்திக்கும் இடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மூலைக்கு ஒருவராக நான்கு தேவதூதர்கள். மீட்டுக் கட்டியபோது சுவர்களுக்குள் எஃகும் கான்கிரீட்டும் வைத்தவர்கள், 1906ஐத் தாங்கி நின்ற இந்த நடுப்பகுதியை அந்த அளவுக்கு வலுப்படுத்தவில்லை. 1989 அக்டோபர் 17 நிலநடுக்கம் கைவைத்ததும் இங்கேதான்: ஒரு தூதரின் சிறகில் ஒரு பகுதி பெயர்ந்து சுமார் எழுபது அடி கீழே விழுந்தது. ஆலயத்தை மூடி, பலப்படுத்தி, 1992இல் திறந்தார்கள்.

சுவர்க் கல்லில் ஜேன் அம்மையார் தேர்ந்தெடுத்த வாசகங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குத் தனியாக அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஒவ்வொன்றையும் விரலால் தொடாமல் காற்றில் தடவியபடியே வாசிப்பாள். முடிக்கும் வரை நான் அந்தச் சிறகைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.