ரேஷன் அட்டை எண்: அட்டை கையில் இல்லாதபோது எப்படிக் கண்டுபிடிப்பது?

மகளிர் உரிமைத் தொகை, மருத்துவக் காப்பீட்டு முகாம், பெயர் சேர்ப்பு என்று எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் குடும்ப அட்டை எண்ணைக் கேட்காமல் விடுவதில்லை. அட்டையோ ஊரில் அம்மாவின் அரிசிப் பைக்குள் கிடக்கும். கையில் இருந்தாலும் சில வீடுகளில் சில்லறையோடு உரசி உரசி நடு இலக்கங்கள் தேய்ந்து, 3 எது 8 எது என்று தெரியாத நிலையில் இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது. அதைச் சரிசெய்த வழியைத்தான் எழுதுகிறேன். இது தமிழ்நாட்டு ஸ்மார்ட் அட்டைக்கு மட்டும் பொருந்தும். புதுச்சேரிக்காரர்களுக்குத் தனித் துறை, தனி அட்டை.

படி 1: எந்த எண்ணைக் கேட்கிறார்கள்?

இணையதளத்தைத் திறப்பதற்கு முன்பே இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒரே ஓர் எண் இல்லை.

ஸ்மார்ட் அட்டையின் எண் 12 இலக்கம். எழுத்து எதுவும் கிடையாது, 333 என்று தொடங்கும். 33 தமிழ்நாட்டின் மாநிலக் குறியீடு. கடை பில்களில் பார்க்கும் ஜிஎஸ்டி எண்ணும் நம் மாநிலத்தில் 33 என்றுதான் தொடங்குகிறது. விண்ணப்பங்கள் இப்போது கேட்பது பெரும்பாலும் இந்த 12 இலக்க எண்ணைத்தான்.

2017 ஏப்ரலில் ஸ்மார்ட் அட்டை வருவதற்கு முன்பு, 2005-இல் கொடுத்த காகித அட்டையில் ஆண்டுதோறும் உள்தாள் ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தோமே, அதில் இருந்தது வேறு எண்: நடுவில் ஓர் ஆங்கில எழுத்தும் சாய்கோடுகளும் வரும். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டால் மனப்பாடமாகச் சொல்வது இந்தப் பழைய எண்ணைத்தான். புதிய விண்ணப்பப் பெட்டியில் அது ஏறாது.

அட்டையின் முகப்பில் கடைக் குறியீடு ஒன்றும் அச்சாகியிருக்கும். எண்ணும் எழுத்தும் கலந்த அது உங்கள் நியாயவிலைக் கடையின் அடையாளம், உங்களுடையது அல்ல. பிஎச்எச், என்பிஎச்எச் என்று புகைப்படத்துக்குக் கீழே இருப்பது அட்டையின் வகை. முன்னுரிமைக் குடும்பமா, முன்னுரிமை அற்றதா, அரிசிக்குப் பதில் சர்க்கரை வாங்கும் அட்டையா, எந்தப் பொருளும் வாங்காத அட்டையா என்பதை அது சொல்லும். இந்த வகையையும் சில படிவங்கள் தனியாகக் கேட்கின்றன. அட்டை கண்ணில் படும்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

புதிய அட்டைக்கு விண்ணப்பித்தவர்களுக்குக் கிடைப்பது குறிப்பு எண். விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று பார்க்க மட்டுமே அது உதவும். அட்டை அச்சாகும் வரை அதை அட்டை எண் என்று எங்கும் எழுதாதீர்கள்.

படி 2: எந்தக் கைப்பேசி?

எல்லாரையும் தடுக்கி விழவைப்பது இந்த இடம்தான். இணையதளத்தில் நுழைய, அட்டையோடு பதிவு செய்த கைப்பேசி எண் வேண்டும். அந்த எண்ணுக்குத்தான் ஓடிபி வரும். உங்கள் கையிலிருக்கும் எண், ஆதாரில் இருக்கும் எண், வங்கியில் இருக்கும் எண் என எதுவும் செல்லாது. அட்டைக்குக் கொடுத்த எண் மட்டும்தான். ஸ்மார்ட் அட்டைக்காக விவரம் சேகரித்த நாட்களில் வீட்டில் அப்போது யார் இருந்தார்களோ அவர்கள் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டு அட்டை, வேலைக்கு வெளியூர் போய்விட்ட தம்பியின் பழைய சிம்மோடு இணைந்திருந்தது. தளம் எங்கள் எண்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது.

எந்த எண் என்று தெரியாவிட்டால் குருட்டாம்போக்கில் எண்களைத் தட்டிப் பார்க்காதீர்கள். கடையில் பொருள் வாங்கியதும் என்ன வாங்கினோம், எவ்வளவு தொகை என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அது யாருடைய கைப்பேசிக்கு வருகிறதோ அதுதான் பதிவான எண். வீட்டில் எல்லாருடைய குறுஞ்செய்திப் பெட்டியிலும் அரிசி, சர்க்கரை, துவரம் பருப்பு என்று தேடிப் பாருங்கள். யாருக்குமே வரவில்லை என்றால் அந்த சிம் செத்துவிட்டது, அல்லது வேறு யாரோ ஒருவரிடம் போய்விட்டது என்று பொருள்.

செத்த சிம்முக்கு மருந்து, எண்ணை மாற்றுவது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடத்துகிறார்கள். பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றத்தோடு கைப்பேசி எண் பதிவும் மாற்றமும் அங்கே நடக்கும். முகாம் வரை காத்திருக்க முடியாதவர்கள் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போகலாம். சென்னைவாசிகளுக்கு மண்டல உதவி ஆணையர் அலுவலகம். குடும்பத் தலைவரின் ஆதாரையும் புதிய சிம் போட்ட கைப்பேசியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியை வீட்டில் விட்டுவிட்டு எண்ணை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருபவர்களை வரிசையில் பார்க்கலாம். ஓடிபி துண்டுச் சீட்டுக்கு வராது.

படி 3: தளத்தில் நுழைவது

டிஎன்பிடிஎஸ் டாட் ஜிஓவி டாட் இன். கடைசியில் ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எதையும் தட்டுங்கள். முகப்பில் பயனாளர் நுழைவு. பதிவான எண், படத்தில் தெரியும் எழுத்துகள், ஓடிபி. உள்ளே போனதும் குடும்ப உறுப்பினர்கள், கடை, அட்டை எண் எல்லாம் தெரியும். அங்கேயே ஸ்மார்ட் அட்டையை பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வராமல் கோப்பையும் இறக்கிவிடுங்கள்.

செயலியைவிட இணையதளமே எனக்குப் பிடிக்கும். செயலிக் கடையில் ரேஷன் என்று தேடினால் அரசுச் சின்னம் போலவே ஒன்றை ஒட்டிக்கொண்டு வரிசையாக வந்து நிற்கும் தனியார் செயலிகளில் எது அசல் என்று பெரியவர்களால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. திறந்ததும் விளம்பரம், அடுத்து ஆதார் எண் கேட்கும் பெட்டி. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தளம் சரிவரவில்லை என்றால்

மத்திய அரசின் மேரா ரேஷன் செயலியில் ஆதார் எண்ணைக் கொடுத்து நுழையலாம். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஓடிபி வரும். ஆகவே அட்டைக்குக் கொடுத்த சிம் போனாலும் ஆதார் சிம் உயிரோடு இருந்தால் போதும். முன்னுரிமை அட்டைக்காரர்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபின், வெளி மாநிலத்தில் வேலை பார்ப்பவர்கள் இதை வைத்திருப்பது நல்லது.

கட்டணமில்லாத் தொலைபேசி 1967, அல்லது 1800 425 5901. குடும்பத் தலைவரின் பெயரையும் முகவரியையும் அட்டையில் உள்ளபடி தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இணையமே வேண்டாம் என்பவர்களுக்குக் கடை இருக்கிறது. விற்பனையாளரின் பிஓஎஸ் கருவியில் உங்கள் குடும்பம் பதிவாகியிருக்கிறது. ஆதாரோடு போய்ப் பொறுமையாகக் கேட்டால் பெரும்பாலும் பார்த்துச் சொல்லிவிடுவார். மாதத் தொடக்கத்தில், அரிசி மூட்டை இறங்கி வரிசை தெருமுனை வரை நிற்கும்போது கேட்டால் எரிந்துதான் விழுவார், அதில் அவர் தப்பும் இல்லை. மாதத்தின் முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் கடை கிடையாது. அதற்குப் பதிலாக முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கும்.

எண் கிடைத்ததும் காஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதிவையுங்கள். கைப்பேசியில் சேமித்தது கைப்பேசியோடு போய்விடும். அட்டையின் படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். வீட்டில் எல்லாருடைய பெயரும் முகவரியும் அதில் இருக்கின்றன.

பின்னர் சேர்த்தது

படித்தவர்கள் கேட்டதில் இரண்டு சிக்கல்கள் மேலே விட்டுப்போயிருந்தன.

திருமணமாகி வந்த பெண்கள்: பிறந்த வீட்டு அட்டையில் பெயரை நீக்கிவிட்டு, கணவர் வீட்டு அட்டையில் இன்னும் சேர்க்கவில்லை என்றால் இப்போதைக்கு உங்கள் பெயர் எந்த அட்டை எண்ணின் கீழும் இல்லை. மாமியார் வீட்டு எண்ணை எழுதினாலும் சரிபார்க்கும்போது பெயர் பொருந்தாமல் விண்ணப்பம் திரும்பி வரும். பெயர் நீக்கல் சான்றோடு சேர்ப்பு விண்ணப்பத்தை முதலில் முடியுங்கள்.

குடும்பத் தலைவர் இறந்துவிட்ட வீடுகள்: அவருடைய சிம்மைத்தான் அட்டைக்குக் கொடுத்திருப்பீர்கள். அது இன்னும் வேலை செய்தால், ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருந்து, தலைவர் மாற்றமும் எண் மாற்றமும் முடிந்த பிறகே கைவிடுங்கள். சிம் போய்விட்டிருந்தால் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு நேரில் போவதே நல்லது. தலைவர் மாற்றத்துக்கும் எண் மாற்றத்துக்கும் ஒரே நாளில் மனுக் கொடுத்துவிடலாம்.